பழைய மூவிங் கொயில் காட்ரிஜ்ஜில் முதலில் பார்க்க வேண்டியது றப்பர்

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலமான தாய்மாமா எண்பதுகளில் குவைத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த ஜப்பான் இசைத்தட்டுச் செற் ஒன்று வீட்டு அலுமாரியில் கிடைத்திருக்கிறது. அதில் டெனோன் டி.எல்-103 காட்ரிஜ், அதாவது தட்டில் ஓடும் ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் குட்டிப் பெட்டி, பூட்டியபடி இருக்கிறது. சின்னப் பெட்டி ஒன்றுக்குள் தனியாக இன்னொரு காட்ரிஜ், ஓர்டொஃபோன் எம்.சி. 20, இருக்கிறது. இரண்டும் மூவிங் கொயில் வகை. இரண்டையும் மாறி மாறி அம்ப்ளிஃபயரில் போட்டுப் பார்த்தாராம். வோலியூமை முழுக்கத் திருப்பினால் டெனோனில் இரைச்சலுக்கு அடியில் எங்கோ பாட்டுக் கேட்கிறது, ஓர்டொஃபோனில் அதுவும் இல்லை. "இரண்டும் செத்துப்போய்விட்டனவா? கொழும்பில் ஒருவர் இரண்டையும் சேர்த்து ஒரு விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடவா?" என்பதுதான் கேள்வி.

கொடுக்க வேண்டாம் தம்பி. இப்போதைக்காவது வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி செத்துப்போன காட்ரிஜ்ஜின் அறிகுறியே அல்ல. நல்ல நிலையில் உள்ள மூவிங் கொயிலை அதற்குரியதல்லாத இடத்தில் செருகினாலும் அப்படித்தான் கேட்கும்.

சாதாரண செற்றுகளில் வருவது மூவிங் மேக்னட், அதாவது ஊசித்தண்டின் முனையில் குட்டிக் காந்தம், கொயில் அசையாமல் பக்கத்தில் நிற்கும். அசையாத கொயிலில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம் என்பதால் 3 முதல் 5 மில்லிவோல்ட் வரை கிடைக்கும். அம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' துளை அந்த அளவுக்குத்தான் செய்யப்பட்டிருக்கிறது. மூவிங் கொயிலில் காந்தம் அசையாது. தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய கொயில்தான் ஊசித்தண்டோடு சேர்ந்து ஆடுகிறது. ஆடுகிற பொருள் பாரமாக இருக்கக் கூடாது, அதனால் சுற்றுகள் குறைவு, மின்சாரமும் குறைவு. டெனோன் 103 தருவது 0.3 மில்லிவோல்ட். உங்கள் ஓர்டொஃபோன் 0.1ஐக்கூட எட்டாது. ஊசி தட்டின் மிக நுண்ணிய நெளிவுகளைக்கூட விட்டுவிடாமல் பின்தொடர்வது இந்த இலேசான அமைப்பில்தான். இத்தனை சிரமத்தோடு இதை வைத்திருக்கிறவர்கள் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இடையில் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு ஸ்டெப்-அப் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அல்லது எம்.சி. (மூவிங் கொயில்) என்று தனியாகக் குறித்த ஃபோனோ ஸ்டேஜ், அதாவது தட்டுக்கான முன்பெருக்கி, வேண்டும். ட்ரான்ஸ்ஃபோமர் என்றால் டெனோனுக்கு ஒன்றுக்குப் பத்து போதும். 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும், அம்ப்ளிஃபயரின் 47,000 ஓம் சுமை காட்ரிஜ்ஜின் பார்வையில் 470 ஓமாகத் தெரியும். 40 ஓம் உள்தடை கொண்ட டெனோனுக்கு அது நன்றாகப் பொருந்தும். ஓர்டொஃபோனுக்கு அது போதாது, ஒன்றுக்கு முப்பது அளவில் வேண்டும். ஒரே ட்ரான்ஸ்ஃபோமரில் இரண்டையும் சோதித்துவிட்டு ஓர்டொஃபோன் பழுது என்று முடிவு கட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சரி, ட்ரான்ஸ்ஃபோமர் கிடைக்கும்வரை பொறுக்க வேண்டியதில்லை. பழைய மூவிங் கொயிலைப் பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசியைச் சத்தமே கேட்காமல் கண்ணால் பார்த்துவிடலாம். சொல்லப்போனால் பார்த்த பிறகுதான் கேட்க வேண்டும், கேட்டு மயங்கிய பிறகு கண் சரியாகப் பார்க்காது.

கொயில் அறுந்திருக்கிறதா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் ஒரு பெரிய எச்சரிக்கை. நம் ஊர் றேடியோ திருத்தும் கடைகளில் முள் ஆடும் பழைய மீற்றர்தான் பெரும்பாலும் மேசையில் இருக்கும். அதன் ஓம் அளவீட்டில், ஒன்றால் பெருக்கும் ரேஞ்சில், 100 மில்லிஆம்பியருக்கு மேலும் வெளியே பாயக்கூடும். முடி போன்ற கம்பிக்கு அது ஆபத்து. யாராவது "குடுங்க, ஒருக்கா பார்ப்பம்" என்று அந்த மீற்றரின் கம்பியை நீட்டினால் மறுத்துவிடுங்கள். டிஜிட்டல் மீற்றரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். காட்ரிஜ்ஜின் பின்களைத் தொடவே வேண்டாம். செற்றிலிருந்து அம்ப்ளிஃபயருக்கு வரும் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஊசியைத் தட்டில் வைக்காமல் தூக்கியே வைத்து, பிளக்கின் நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ஓரிரு விநாடி மட்டும் தொட்டு எடுங்கள். டெனோன் இரண்டு பக்கமும் 40 ஓமுக்கு அண்மையில் காட்ட வேண்டும், செற்றின் கம்பியும் சேர்வதால் சற்றுக் கூடலாம். ஓர்டொஃபோன் சில ஓம்கள்தான் காட்டும். அதற்கு முன் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கொயில் நல்லது. ஒரு பக்கம் எண்ணே வராவிட்டால் பயப்பட முதல் ஹெட்ஷெல்லின், அதாவது காட்ரிஜ் பூட்டியிருக்கும் முன்துண்டின், நான்கு குட்டிக் கம்பிகளைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது. கடல் காற்றில் அந்தக் கவ்விகளில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். சின்ன இடுக்கியால் கவ்வியைப் பிடித்து மெல்ல இழுத்து, ஐசோப்ரொப்பில் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் போட்டால் செத்த பக்கம் எழும்பிவிடும். காட்ரிஜ்ஜின் பின்களில் ஈயம் வைத்து ஒட்ட மட்டும் வேண்டாம். சூடு உள்ளே ஓடினால் கொயில் முனை விட்டுவிடும்.

என் அனுபவத்தில் கொயில் நாற்பது வருடத்தையும் தாங்கிவிடுகிறது. தாங்காதது றப்பர்.

ஊசித்தண்டின் அடியில், கொயில் இருக்கும் இடத்தில், ஒரு சின்ன றப்பர் வளையம் இருக்கிறது. பின்னாலிருந்து ஒரு மெல்லிய கம்பி தண்டை இழுத்துப் பிடிக்கிறது. தண்டு எவ்வளவு ஆட வேண்டும், ஆடியது எப்போது அடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வளையத்தின் கையில். றப்பர் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று இறுகிக் கல்லாகும், அல்லது தளர்ந்து குழையும். நம் வெயிலும் ஈரமும் பல சமயம் இரண்டாவதைச் செய்கின்றன.

கொழும்பில் 2011இல் ஒரு பழைய பொருட்கள் விற்கும் கடையில் நான் ஒரு ஜப்பானிய மூவிங் கொயில் வாங்கினேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை, பெட்டி, கடதாசி, திருகாணிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. இரவு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்ததும் பொறுமையில்லாமல் பூட்டினேன். முதல் இரண்டு பாட்டு அப்படி இருந்தது, பாடுகிறவர் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்பதுபோல. மூன்றாவது பாட்டில் ஒரு மெல்லிய உரசல் கேட்டது. குனிந்து ரோச் லைற் அடித்துப் பார்த்தால், காட்ரிஜ்ஜின் அடிப்பாகமே தட்டில் தேய்ந்துகொண்டு போகிறது. றப்பர் உள்ளே குழைந்து, தண்டு வயிற்றுக்குள் ஒடுங்கிவிட்டது. என் நல்ல தட்டு ஒன்றில் அந்த வட்டக் கோடு இன்றும் இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், அவரும் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறார். ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். தேவையில்லாத ஒரு தட்டைப் போடுங்கள், செற்றைச் சுழல விடாதீர்கள். அழுத்தத்தை டெனோனுக்கு 2.5 கிராமில் வைத்து ஊசியை மெதுவாக இறக்குங்கள். கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் வெள்ளைக் கடதாசி பிடித்து, பக்கவாட்டில் பாருங்கள். காட்ரிஜ்ஜின் அடிக்கும் தட்டுக்கும் இடையில் வெளிச்சம் நன்றாகத் தெரிய வேண்டும். ஒரு விசிட்டிங் கார்ட் நுழைய இடமில்லை என்றால் றப்பர் குழைந்துவிட்டது, அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். மாறாக, ஊசியை இறக்கும்போதும் தூக்கும்போதும் தண்டு கொஞ்சமும் அசையாமல் ஆணிபோல் நின்றால் இறுகிவிட்டது. ஆரோக்கியமான தண்டு பாரம் ஏறும்போது இலேசாக மடங்கி, தூக்கியதும் பழைய இடத்துக்கு வரும்.

பிறகு முன்னாலிருந்து பாருங்கள். தட்டில் படாமல் தொங்கும்போதே தண்டு இடமோ வலமோ சாய்ந்திருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. தொங்கும்போது நேராக இருந்து, தட்டு சுழலும்போது மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கினால் அது செற்றின் ஆன்டி-ஸ்கேட், அதாவது ஊசியைத் தாங்கும் கை நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் அமைப்பு, சரியில்லாததால், காட்ரிஜ்ஜின் மேல் பிழையில்லை. இந்த வேறுபாட்டைத் தெரியாமல் நல்ல காட்ரிஜ்களை மலிவாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

அழுத்தத்தை அளக்க நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும், 0.01 கிராம் வரை காட்டும். ஆனால் அதன் தட்டு இரும்பு கலந்ததா என்று பாருங்கள். மூவிங் கொயில் காட்ரிஜ்ஜுக்குள் இருக்கும் காந்தம் பலமானது. தராசின் தட்டைத் தானே இழுத்துப் பிடித்து, பிழையான எண்ணைக் காட்டவைக்கும். அதோடு உயரமும் தட்டின் மட்டத்தில் இருக்க வேண்டும். நான் தராசுக்கு மேல் ஒரு அலுமினியத் துண்டை வளைத்து நீட்டி, அதன் நுனியில் ஊசியை வைப்பேன், துண்டின் பாரத்தைக் கழித்துப் பூச்சியமாக்கிவிட்டு.

அந்தக் காந்தத்தால் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. சின்ன வயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கடற்கரை மணலில் புரட்டி, மயிர்போல் குத்திட்டு நிற்கும் கறுப்பு மண்ணைச் சேர்த்து விளையாடியிருப்பீர்கள். அதே மண்தான் வீட்டுக்குள் தூசியாகவும் வருகிறது. காட்ரிஜ் அதை விடாமல் இழுக்கும். தண்டு உள்ளே போகும் துளையைச் சுற்றி மயிர் முளைத்ததுபோல் இருந்தால் அதுதான். துகள் இடுக்குக்குள் போனால் தண்டு ஒரு பக்கம் தட்டுப்பட்டு, ஒரு காதில் மட்டும் கரகரப்பு வரும். ஊதாதீர்கள், எச்சில் படும், துகளும் இன்னும் உள்ளே போகும். புளூடாக் போன்ற ஒட்டும் பசையைக் கூராக உருட்டி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, துளையின் விளிம்பில் மட்டும் ஒற்றி எடுங்கள். தண்டைத் தொட்டுவிடாமல் இருக்க இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஊசிமுனைக்கு வருவோம். மூவிங் மேக்னட் போல ஊசியை மட்டும் கழற்றி மாற்ற இதில் முடியாது. முனை தேய்ந்தால் காட்ரிஜ்ஜையே வெளிநாட்டுக்கு அனுப்பிப் புதுமுனை ஒட்ட வேண்டும். தட்டார் வைத்திருக்கும் பத்து மடங்குக் கண்ணாடியில் முனை இருக்கிறதா, உடைந்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா என்பது தெரியும். தேய்வு தெரியாது. அதற்கு 200 மடங்காவது வேண்டும், போனில் பூட்டும் யு.எஸ்.பி. மைக்றோஸ்கோப் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. டெனோன் 103இன் முனை உருண்டையானது, 16.5 மைக்றோன் ஆரம். புதியது சின்ன நீர்த்துளிபோல் எங்கும் வழவழப்பாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்தால், தேய்ந்ததில் இரண்டு தோள்களிலும் சின்னக் கண்ணாடித் துண்டுபோல் இரண்டு தட்டையான மினுக்கம் தெரியும். அந்த விளிம்புகள்தான் தட்டின் சுவரைச் செதுக்கும். உருண்டை முனைக்கு 500 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டு சுத்தமாக இருந்தால் அதற்கு மேலும் போகும். உங்கள் மாமா எத்தனை மணி நேரம் கேட்டார் என்பது உங்கள் மாமிக்குத்தான் ஓரளவு தெரியும், கேட்டுப் பாருங்கள். உண்மையில் அது பயனுள்ள தகவல்.

இதே இடத்தில் இன்னொன்று. அந்தக் காலத்து விலையுயர்ந்த ஜப்பானிய காட்ரிஜ்கள் சிலவற்றில் தண்டு பெரிலியத்தால் ஆனது. உங்கள் இரண்டில் இந்தக் கவலை இல்லை. ஆனால் வேறெங்காவது அப்படி ஒன்று முறிந்து கிடந்தால் அதை உரசவோ அராவவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

இப்போது கேட்கலாம். முதலில் எந்தத் தட்டு? மாமாவின் சேகரிப்பில் அறுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டு 45 சுற்று ஈ.பி. தட்டு ஏதாவது கட்டாயம் இருக்கும். அவை பெரும்பாலும் மோனோ. சோதனைக்கு அதைவிட நல்லது கிடையாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் பதிவாகியிருக்கிறது. பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் ஹெட்ஷெல் கம்பிகளை இடம்வலம் மாற்றிப் போடுங்கள். பிழையும் பக்கம் மாறினால் காட்ரிஜ், மாறாவிட்டால் அம்ப்ளிஃபயர் பக்கம். பிறகு தட்டின் கடைசிப் பகுதி. நடுவை நெருங்க நெருங்கப் பள்ளத்தின் நெளிவுகள் நெருக்கமாகும், இறுகிய றப்பரும் தேய்ந்த முனையும் அங்கேதான் பிடிபடும். 'ச', 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். "சொல்" என்பது "ஷ்சொல்" என்று துப்புவதுபோல் கேட்டால், வேறொரு நல்ல தட்டிலும் அப்படியே இருந்தால், காட்ரிஜ்ஜில்தான் குறை. 78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் இந்த ஊசியை வைக்க வேண்டாம். அவற்றின் பள்ளம் இதைவிட மிகவும் அகலம், இந்த முனை அடியில் கிடக்கும் தூளில் உழுதுகொண்டு போகும்.

இன்னொரு விஷயம் வெப்பம். ஜப்பானியர் இவற்றை 20 பாகை சொச்சத்தில் அளந்து செய்திருக்கிறார்கள். நம் சித்திரை மாதப் பகலில் றப்பர் அதைவிட இளகியிருக்கும். இறுகத் தொடங்கிய காட்ரிஜ்கூட மத்தியானம் அழகாகப் பாடும். ஆகவே மாரியில், மழை பெய்து குளிர்ந்த ஒரு இரவிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் யாருக்காவது விற்கப்போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். இங்கே பாடியது அங்கே துப்பும்.

உங்கள் செற்றின் டோன்ஆர்ம், அதாவது காட்ரிஜ்ஜைத் தாங்கும் கை, எவ்வளவு பாரம் என்பதையும் பாருங்கள். டெனோனின் நெகிழ்வு, அதாவது தண்டு எவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் என்ற எண், 5 என்று கடதாசியில் இருப்பது 100 ஹேர்ட்ஸில் அளந்தது. நாம் கணக்குப் போடும் 10 ஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். 12 கிராம் டோன்ஆர்ம், 8.5 கிராம் காட்ரிஜ், திருகாணிகள் ஒரு கிராம் என்று கூட்டி 10ஆல் பெருக்கினால் 215, அதன் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் 11 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு, டோன்ஆர்மும் காட்ரிஜ்ஜும் சேர்ந்து தானாக அதிரும் வேகம் அதுதான். 8 முதல் 12க்குள் இருந்தால் நல்லது. எழுபதுகளின் கடைசியில் வந்த மிக இலேசான டோன்ஆர்ம்களில் இந்த டெனோன் நடுங்கும், பேஸ் மெலியும். அதை வைத்துக் காட்ரிஜ்ஜுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாரமான ஹெட்ஷெல் ஒன்றைப் போட்டால் சரியாகும்.

விலைக்கு வருகிறேன். டெனோன் 103ஐ அறுபதுகளில் ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக உருவாக்கினார்கள். இன்றும் அது புதிதாகவே கிடைக்கிறது. அதனால் பழையதின் விலை ஒருபோதும் புதியதின் விலையை நெருங்கக் கூடாது, றப்பரும் முனையும் நன்றாக இருந்தால்கூடப் பாதிக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் அப்படியான ஒன்றை விற்கவும் மாட்டேன். உங்களிடம் இருக்கும் தட்டுகளுக்கு, முக்கியமாகப் பழைய ஈ.பி.களுக்கு, இதைவிட ஒத்துவரும் ஊசி நீங்கள் காசு கொடுத்துத் தேடினாலும் எளிதில் அமையாது. தேய்ந்த தட்டுகளை உருண்டை முனை பொறுத்துக்கொள்ளும்.

ஓர்டொஃபோன் எம்.சி. 20 புதிதாகக் கிடைக்காது. அதற்குத்தான் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள், கொழும்புக்காரர் இரண்டையும் சேர்த்துக் கேட்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். றப்பர் போயிருந்தாலும், இரண்டு கொயிலும் எண் காட்டினால் அதற்கு ஒரு விலை உண்டு, திருத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் வாங்குவார்கள். கொயில் அறுந்திருந்தால் மட்டும் அதன் பெறுமதி பெட்டியின் பெறுமதிதான். நீங்களே வெளிநாட்டுக்கு அனுப்பிப் புதுமுனை ஒட்டுவதென்றால், செலவு பெரும்பாலும் ஒரு புதிய நடுத்தர காட்ரிஜ்ஜின் விலையைத் தொடும், திரும்பி வருவதும் பழைய எம்.சி. 20ஆக இருக்காது, வேறு தண்டு, வேறு முனை, வேறு றப்பர். மாமாவின் நினைவுக்காகச் செய்தால் செய்யுங்கள், இலாபத்துக்காக வேண்டாம். விற்பதாக இருந்தால் தனியாக, மீற்றர் எண்களையும் மைக்றோஸ்கோப் படத்தையும் காட்டி விற்கவும்.

அதுவரை இரண்டையும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பிஸ்கட் டின் வேண்டாம், காந்தம் மூடியைத் தேடிப் பாயும், ஊசி போய்விடும்.

என்னிடம் ஒன்றுக்குப் பத்தும் ஒன்றுக்கு முப்பதும் இரண்டு ட்ரான்ஸ்ஃபோமரும் இருக்கின்றன. மட்டக்களப்புப் பக்கம் வரும் நாளில் கொண்டுவாருங்கள், இருந்து கேட்போம். டெனோனை ஹெட்ஷெல்லிலிருந்து பிரிக்க வேண்டாம், டோன்ஆர்மின் கழுத்து வளையத்தைத் திருகினால் ஹெட்ஷெல்லோடு முழுதாக வந்துவிடும். ஊசிக்கு மூடி இருந்தால் போட்டு, இல்லாவிட்டால் ஊசி எதிலும் படாதபடி பெட்டிக்குள் ஹெட்ஷெல்லைக் கட்டி, பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஈ.பி.களில் நாலைந்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.